பொம்மைக்கு யார் அப்பா?

நவராத்திரி நெருங்கிவிட்டால் சேலத்தில் பூம்புகார் கொலு பொம்மைக் கண்காட்சி களைகட்டிவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி, ஆந்திராவின் கொண்டபள்ளி என்று பல ஊர் பொம்மைகள் வரிசைகட்டி நிற்கும். கண்காட்சியோ, பிளாட்பாரக் கடையோ, நம்மவர்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான். ‘என்ன விலைங்க?’ ‘கொஞ்சம் கொறைச்சுக் குடுங்களேன்?’

‘இதை யாருங்க செஞ்சது?’ என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது.

கொலு என் கண்ணுக்கு பக்தி மட்டுமல்ல, ஒரு வீட்டு மியூசியம். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். அம்மாயி கொடுத்த மரப்பாச்சி, கல்யாணத்துக்கு வந்த செட்டியார் பொம்மை என்று மூன்று தலைமுறைச் சேமிப்பு அந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால், ஒரு பொம்மையின் அடியில்கூட செய்தவர் பெயர் கிடையாது. பெயர் இல்லாத மியூசியத்தை குடோன் என்றுதான் சொல்ல வேண்டும்!

கனடாவைப் பாருங்கள். அங்கே பனிப்பிரதேசத்து இனுயிட் மக்கள், நம்ம சேலத்துக் கல்சட்டிக்கு ஆகிற மாக்கல் மாதிரியான மெதுவான கல்லில் சிற்பம் செதுக்குகிறார்கள். மான் தோலிலும் சீல் தோலிலும் பொம்மைக்குச் சட்டை தைக்கிறார்கள். டூரிஸ்ட் கூட்டம் வந்ததும் போலிகளும் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. 1958-ல் கனடா அரசு ‘இக்லூ’ படம் போட்ட ஒரு அட்டையைக் கொண்டுவந்தது. அசல் இனுயிட் சிற்பத்தில் அதைக் கட்டிவிடுவார்கள். செய்தவர் பெயர், ஊர் எல்லாம் அதில் இருக்கும். நாமும் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர் பொம்மைக்கு 2008-09-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். ஆனால், அது ஊருக்குக் கிடைத்த மரியாதை. செய்த ஆளுக்கு?

பி.காம். கணக்குப்படி பல சொத்துகளுக்கு வருஷா வருஷம் தேய்மானம் உண்டு. பழைய பொம்மைக்கு மட்டும் மதிப்பு ஏறும், ஒழுங்காக வைத்திருந்தால்! நாம் என்ன செய்கிறோம்? சாயம் மங்கியதும் ஹார்டுவேர் கடை எனாமல் பெயின்ட்டை எடுத்துப் பூசிவிடுகிறோம். பொம்மைக்குக் கடைசியாக எழுதுவது கண். அந்தக் கண் வளைவுதான் செய்தவரின் கையெழுத்து. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதையும் அழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். தூக்கும்போது கழுத்தையோ கையையோ பிடிக்காமல் அடிப்பாகத்தைத் தாங்குங்கள். செய்தித்தாள் மை ஒட்டும். நைந்த பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரமும் கரையானும் எமன். பரணில் ஏற்றிவிட்டு அடுத்த புரட்டாசி வரை மறந்துவிடாதீர்கள்.

டெல்லியில் 1965-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் திறந்த பொம்மை மியூசியத்துக்குப் பிள்ளையார் சுழி, அவர் கைக்கு வந்த ஒரே ஒரு ஹங்கேரி பொம்மை. உங்கள் வீட்டில் ஐம்பது இருக்கிறது!

இந்த வருஷம் வாங்குகிற பொம்மையிலிருந்து ஆரம்பியுங்கள். செய்தவர் பெயரைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையா, அடுத்த தடவை விசாரித்து வரச் சொல்லுங்கள். பெயர், ஊர், வருஷம்... பென்சிலால் அடியில் எழுதி வையுங்கள். நாலு பேர் விடாமல் கேட்டால், செய்கிறவரே பெயரை எழுதி அனுப்புவார். பேரம் பேசி மிச்சம் பிடித்த இருபது ரூபாயை யாருங்க ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?