நிலச்சொல்லும் போர்விதியும்: ஆனேக்கல் வழிப் படையெடுப்பை விளையாட்டு நிலப்படமாக்குதல்

வரலாற்றில் நிகழ்ந்த போர் ஒன்றைக் கணினித் திரையிலோ மேசையிலோ உத்தி விளையாட்டாக மீட்டுருவாக்க முனைவோர் முதற்கண் நிலப்படம் வரைகின்றனர். குன்று, காடு, நீர்நிலை, கோட்டை, சாலை என நிலத்தை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் படை நகரும் விரைவையும் அது தரும் காப்பையும் விதியாக வகுக்கின்றனர். இவ்வகைப்பாடு சொற்களால் ஆனது. எனவே ஒரு நிலச்சொல் பிழைபடப் பெயர்க்கப்படின் அதனோடு ஆட்டத்தின் விதியும் பிழைபடும். நான்காம் மைசூர்ப் போரில், 1799 மார்ச்சில், ஆனேக்கல் வழியாகச் சென்ற கும்பினிப் படையின் நடையைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

விளையாட்டு மரபு

பிரசியாவில் ரைசுவிட்சு 1812 இல் மேசைமேல் நிலவடிவங்களை அடுக்கி அமைத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தை அவர் மகன் 1824 இல் 1:8000 அளவுடைய நிலப்படத்திற்கு மாற்றினார். அதனை ஆடிய படையலுவலர்க்கு நிலமும் நிலச்சொல்லும் தாய்மொழிவழி அறிமுகமானவை. பிற நாட்டுப் போர்க்களத்தை வேற்றுமொழி ஆவணங்களைக் கொண்டு அமைக்குமிடத்தே சிக்கல் எழுகிறது. 2009 இல் வெளிவந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’ என்னும் விளையாட்டு இந்தியாவைத் தனிக்களமாகக் கொண்டு மைசூரையும் ஒரு தரப்பாக்கியது. எனினும் ஒரு நாடு என்பது அதில் ஒரு தலைநகரும் சில ஊர்களுமாகச் சுருங்கிவிடுகிறது. 2022 இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டிற்கு வந்த இந்திய விரிவாக்கத்தில் வீரர்கள் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். இராசேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் உண்டு. கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘ஊட்ஸ்’ என்னும் எஃகுப் பெயரும் அதில் இடம்பெறுகிறது. ஆள் தமிழ் பேசினும் அவன் நிற்கும் காட்டுக்கும் நீருக்கும் உரிய விதி எல்லா நாட்டார்க்கும் பொதுவானதே. மொழி குரலளவில் நின்றுவிட்டது, நிலத்தைச் சென்றடையவில்லை.

இடப்பெயரும் காலமும்

1792 உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியின் கைக்குச் சென்றபின் இராயக்கோட்டை எல்லைப்புறக் காவலிடமாயிற்று. 1799 இல் தளபதி ஹாரிசின் படை அங்கிருந்து கெலமங்கலம், ஆனேக்கல் வழியாகப் பெங்களூருக்கு அண்மையில் சென்று, பின்னர் கான்கானஹள்ளிப் பாதையில் திரும்பியது. ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் இடையே இன்று செல்லும் மாநில எல்லை அன்று அரசெல்லையன்று. இன்றைய நிலப்படத்தை அடித்தளமாகக் கொள்வோர் இதனை மறத்தலாகாது.

ஆனேக்கல் என்னும் பெயரே மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் எச்சரிக்கையாகும். கன்னடத்தில் ‘ஆனெகல்லு’ என்பது ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல். யானையும் கல்லும் எனப் பிரித்துப் பொருள் காண்பதற்கும் அவ்வடிவம் இடந்தருகிறது. உரோமன் எழுத்திலோ குறில் நெடில் வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் புலப்படா. அவ்வெழுத்தை மட்டும் நோக்கித் தமிழாக்குவோர் ‘அணைக்கல்’ என எழுதினும் வியப்பில்லை. அவ்வாறு எழுதின், இல்லாத அணை ஒன்று படிப்போர் மனத்தில் தோன்றிவிடும்.

காலப்பிழையும் இவ்வாறே நேர்கிறது. இன்றைய இராமநகரம் நெடுங்காலம் ‘குளோஸ்பேட்டை’ எனப்பட்டது. பாரி குளோஸ் என்னும் ஆங்கில அலுவலர் பெயரால் அமைந்த அவ்வழக்கு 1799 போருக்குப் பிற்பட்டது. போர்க்கால நிலப்படத்தில் அப்பெயரைப் பொறித்தால் வென்றவர் பிற்காலத்தில் இட்ட பெயர் போருக்கு முன்பே நிலத்தில் இருந்ததாகிவிடும். நிலப்பட அறிவுக்கும் இது பொருந்தும். லாம்டன் பெங்களூரில் தம் முதல் அடிக்கோட்டை அளந்தது 1800 இல். காலின் மெக்கன்சியின் மைசூர் அளவாய்வும் போர் முடிந்தபின் நடந்ததே. அவர்களது அளவையின் துல்லியத்தை 1799 இல் ஆடுவோன் கையில் அளிப்பது அன்று எவரும் பெற்றிராத கண்ணை அவனுக்கு அளிப்பதாகும். லாம்டனே அப்போரில் பணியாற்றியவர். சீரங்கப்பட்டணத்தின் முன் ஓர் இரவில் பேர்டின் படை தெற்கே செல்வதாக எண்ணி வடக்கே பகைவரை நோக்கிச் செல்வதை விண்மீன்களைப் பார்த்து உணர்த்தியவர் அவரே. திரையில் எப்பொழுதும் வடக்கு மேலே இருக்குமாதலின் இத்தகைய தடுமாற்றத்திற்கு அங்கு இடமில்லை.

தோப்பு, ஏரி, காவற்காடு

1799 ஏப்ரல் 5 இரவு ஆர்தர் வெல்லெசுலி சுல்தான்பேட்டைத் தோப்பைத் தாக்கித் தோற்றார். ஆங்கில ஆவணங்களில் அவ்விடம் ‘டோப்’ எனப்படுகிறது. யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லுக்கு மூன்று வேறுபட்ட பொருள்களைத் தருகிறது: பீரங்கி, தோப்பு, பௌத்தத் தூபி. சூழல் அறியாது சொற்பட்டியலை மட்டும் பெறும் மொழிபெயர்ப்பாளர் இம்மூன்றனுள் எதனையும் தேரலாம். சரியான பொருளைத் தேர்ந்தபின்னும் சிக்கல் தீர்வதில்லை. ‘மரக்கூட்டம்’ என வகைப்படுத்தின் ஆட்டத்தில் அது நகர்ச்சியைச் சிறிது குறைக்கும் பச்சைத் திட்டாகவே அமையும். ஆற்றுப்பாசன நாட்டில் தோப்பு என்றால் வாய்க்காலும் வரப்பும் உடன் நினைவுக்கு வரும். அவ்விரவில் இருளோடு சேர்ந்து படையைக் குலைத்தவை அவ்வாய்க்கால்களே. தமிழிலிருந்து சென்ற சொல் ஆங்கிலத்தில் நீரை இழந்து மரமாக மட்டும் நின்றது. அதனை மீண்டும் தமிழாக்குவோர் இழந்த நீரையும் மீட்டுத் தரவேண்டும்.

‘டாங்க்’ என்பது மற்றொரு சான்று. ஆங்கிலோ-இந்திய வழக்கில் ஏரியையும் குளத்தையும் குறித்த இச்சொல், போர் விளையாட்டின் சொற்பட்டியலில் கவச ஊர்தியையே முதலில் நினைவூட்டும். ‘ஏரி’ எனச் சரியாக எழுதியபின்னும் அதனை இயற்கை நீர்ப்பரப்பாகக் கருதும் விதி பொருந்தாது. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு. கரையை உடைத்தால் நீர் வற்றும், கீழுள்ள வயல் சேறாகும். இதனை உணராத நிலப்படத்தில் ஏரி படை சுற்றிச் செல்லவேண்டிய நீலநிறத் தடையே.

சீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்திருந்த முட்செடி அரணை ஆங்கிலேயர் தம் மொழியில் எல்லைவேலி என்னும் பொருள்படக் குறித்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் அது தோட்டத்து வேலியாகிவிடும். சங்க இலக்கியத்தில் ‘மிளை’ என்றும், உரைகளில் ‘காவற்காடு’ என்றும் வழங்கும் சொற்கள் இவ்வரணின் பயனை நேரே உணர்த்துவன. புதுச்சொல் படைப்பதற்கு முன் பழஞ்சொல்லைத் தேடுதல் இங்கு நடைமுறைத் தேவையாகிறது.

வஞ்சியும் முல்லையும்

தொல்காப்பியர் படையெடுத்துச் செல்லும் வஞ்சியை முல்லைக்கும், கோட்டை முற்றுகையான உழிஞையை மருதத்திற்கும் புறமாக வைத்தார். போரின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நிலத்தோடு இணைத்து நோக்கும் பார்வை இதில் உள்ளது. ஆனேக்கலிலிருந்து பன்னேருகட்டாக் காடுகளின் அயலே கான்கானஹள்ளி நோக்கிச் சென்ற படைக்கு முதற்பகை மேய்ச்சலின்மையாகும். பீரங்கியையும் தானியத்தையும் இழுத்தவை எருதுகள். எருதுக்குப் புல் வேண்டும். திப்பு சுல்தான் தம் நாட்டின் மேய்ச்சலைத் தாமே அழிக்கச் செய்தார். ‘எரிபரந்தெடுத்தல்’ என்னும் வஞ்சித்துறை பகைவர் நாட்டை எரித்தலைக் கூறும். இங்கு நாட்டுக்குரியவரே எரித்தார் என்பது அத்துறையின் துயரமான தலைகீழ் வடிவம். மார்ச் 27 இல் மளவள்ளிப் போர் முடிந்தபின் ஹாரிசு சோசலையில் காவிரியைக் கடந்ததற்கும் மேய்ச்சல் ஒரு காரணம். முன்னதாக 1791 மே மாதத்தில் காரன்வாலிசு எருதுகள் மடிந்தமையால் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. பீரங்கியின் எட்டுந்தொலைவை நுட்பமாகக் கணக்கிட்டு எருதின் தீவனத்தை விட்டுவிடும் விளையாட்டு, 1791 ஏன் தோல்வியாயிற்று என்பதையும் 1799 ஏன் வெற்றியாயிற்று என்பதையும் விளக்க இயலாது. எரிந்த புல்வெளி எவருடையது என்னும் வினாவும் அதில் எழாது. அதனை இழந்த உழவரும் ஆயரும் இரு தரப்புப் படைவரிசையிலும் இல்லை.

முடிவு

விளையாட்டு எளிமையை வேண்டுவது என்பது உண்மை. எல்லா வாய்க்காலையும் வரைந்தால் ஆட்டம் நடவாது. ஆயினும் எதனை விடலாம் என்பதை முடிவுசெய்யும் முன் விடப்படுவது யாது என்பதை அறிதல் வேண்டும். இன்று மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் முடிந்த விளையாட்டின் சொற்பட்டியலே. அந்நிலையில் தோப்பு முன்பே மரமாகியிருக்கும். ஏரி முன்பே தடையாகியிருக்கும். அவர் திருத்தக்கூடியது பெயரை மட்டுமே. ஆதலின் மொழியறிஞரின் பங்கு நிலவகைப்பாடு தொடங்கும் கட்டத்திலேயே அமைதல் வேண்டும். ஒவ்வொரு நிலச்சொல்லுக்கும் மூலமொழி வடிவம், ஆவண வடிவம், வழங்கிய காலம், அந்நிலத்தில் மனிதரும் கால்நடையும் செய்த தொழில் ஆகிய நான்கையும் தரும் சொற்கோவை ஒன்று கன்னடம், தமிழ், பாரசீகம், ஆங்கிலம் ஆகிய மொழிகளை அறிந்தோரால் தொகுக்கப்படின், ஆனேக்கல் வழிக்கு மட்டுமன்றித் தென்னாட்டுப் போர்க்களங்கள் பிறவற்றிற்கும் அது பயன்படும்.