சிஎஸ்50: வேலைக்குப் போதுமா?

"ஆன்லைன்லயே கோடிங் கத்துக்கிட்டு வேலைக்குப் போயிடலாமா, டீச்சர்?" என்று எஸ்பிஎம் முடித்த மாணவர்கள் கேட்டால், நம்மில் பலர் கைகாட்டுவது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தை. டேவிட் மாலன் நடத்தும் இது 2012 முதல் எடெக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தொடக்கம் ஸ்கிராட்ச். அடுத்த வாரமே சி மொழி. இங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள். "நேரா பைத்தான் சொல்லிக்கொடுத்தா என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாடத்தின் உயிரே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. ஐந்தாம் வாரப் பயிற்சியான 'ஸ்பெல்லர்', 143,091 சொற்கள் கொண்ட அகராதியை நினைவகத்தில் ஏற்றி எழுத்துப்பிழை பார்க்கச் சொல்கிறது. ஹேஷ் டேபிளை மாணவரே கட்ட வேண்டும்; எடுத்த நினைவகத்தை விடுவிக்கவும் வேண்டும். தலை சுற்றும், உண்மைதான். ஆறாம் வாரம் பைத்தான் வருகிறது. அதே வேலை சில வரிகளில் முடிகிறது. அந்த வரிகளுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது அப்போது மாணவருக்குத் தெரியும்.

விரிவுரைகள் அருமை. அதுவே ஆபத்தும்கூட. மேடை, விளக்கு, கைதட்டல் எல்லாம் படம் பார்ப்பதுபோல் இருக்கும். "புரிஞ்சிடுச்சு" என்று பயிற்சியைத் தொடாமலே அடுத்த வாரத்துக்குத் தாவிவிடுவார்கள்.

வேலை என்று வரும்போது ஒரு பெரிய குறை. இங்கே பெரும்பாலும் தனியாக, புதிதாக எழுதுகிறோம். அலுவலகத்திலோ பிறர் எப்போதோ எழுதிவைத்த நிரலைப் படித்துத் திருத்த வேண்டியிருக்கும். இறுதித் திட்டப்பணியை இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்ய அனுமதி உண்டு. அப்படிச் செய்யவைத்து, ஒருவர் எழுதியதில் உள்ள பிழையை இன்னொருவர் திருத்தட்டும்.