ஒரே அறை, ஒரே வீடு: சிறு முதலீட்டு அறிவியல் திகில் படங்களின் ஈர்ப்பு

1974 இல் வெளிவந்த 'டார்க் ஸ்டார்' படத்தில் வேற்றுக்கிரகப் பிராணியாக வருவது, கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் காற்றடைத்த பந்து. அதன் அடியில் நகமுள்ள பாதங்களை ஒட்டியிருந்தார்கள். ஜான் கார்பென்டரும் டான் ஓ'பானனும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய படம் இது. மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர். விண்கலத்துக்குள் அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி சிரிப்புக்காக எழுதப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வைக்க முடியாவிட்டால் பயமுறுத்திப் பார்ப்போம் என்று ஓ'பானன் அதே சூழ்நிலையை வேறு விதமாக எழுதினார். ரிட்லி ஸ்காட் 1979 இல் இயக்கிய 'ஏலியன்' அப்படிப் பிறந்ததுதான்.

பணம் வந்தவுடன் பந்து பூதமாயிற்று என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். 'ஏலியன்' படத்திலும் பிராணிக்குள் இருந்தவர் ஒரு மனிதர், போலாஜி பாதேஜோ என்ற மிக உயரமான நைஜீரியர். அந்தப் பிராணி திரையில் தெரிவது சில நிமிடங்களே. இரண்டு படங்களிலும் பயத்துக்கு வித்து ஒன்றுதான்: மூடிய கலம், வெளியேற வழி இல்லை, உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த வித்துக்கு அதிகச் செலவில்லை.

சிறு முதலீட்டு அறிவியல் திகில் படங்கள் ஏன் ஈர்க்கின்றன என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. மோசமாக இருப்பதால் சிரித்து ரசிக்கலாம் என்பது ஒன்று. எதையும் காட்ட வசதியில்லாததால் பார்ப்பவரின் கற்பனை வேலை செய்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இவ்வகையின் நல்ல படங்கள் தம் இல்லாமையை மறைப்பதில்லை. அதையே கதைப்பொருளாக மாற்றிக்கொள்கின்றன. கையில் இருப்பது ஒரு வீடுதான் என்றால், அந்த வீட்டை விட்டு வெளியேற முடியாததே கதையாகிறது.

வெள்ளிக் கிரகத்தின் குட்டைப் பூதம்

1948 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பெரிய ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைத் தம் கையில் வைத்திருக்க முடியாமல் போயிற்று. இரட்டைக் காட்சிகளின் இரண்டாம் படத்தை மலிவாகத் தயாரிப்பதையும் அவை குறைத்துக்கொண்டன. அந்த இடத்தைத் தனித் தயாரிப்பாளர்கள் பிடித்தார்கள். காருக்குள் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளும், அங்கே கூடிய இளைஞர்களும் அவர்களின் சந்தை. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் முதலில் தலைப்பையும் சுவரொட்டியையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு கதை எழுதச் சொல்வதற்குப் பேர்போனது.

இந்தச் சந்தைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சரக்கு போயிருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் சிக்கனத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பெர்ட்டுடன் கூட்டுச் சேர்ந்து 1952 இல் எடுத்த 'தி ஜங்கிள்' (தமிழில் 'காடு') படத்தில், மிச்சமிருக்கும் கம்பளி யானைகள் காட்டு யானைகளை வெருட்டுகின்றன. நம் ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

ரோஜர் கார்மன் 1956 இல் இயக்கிய 'இட் கான்கர்டு தி வேர்ல்டு' இந்தக் காலத்துக்கு நல்ல சான்று. வெள்ளியிலிருந்து வரும் உயிரியைப் பால் பிளெய்ஸ்டெல் வடிவமைத்தார். அங்கே ஈர்ப்பு விசை அதிகமாக இருக்கும், ஆகவே உயிர்கள் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படப்பிடிப்பில் கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அந்த உருவத்தின் பக்கத்தில் நின்று, நீயா உலகைப் பிடிக்க வந்தாய் என்று கேலி செய்து ஓர் உதை விட்டாராம். பூதம் நாயகியை விட உயரமாக இருக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டதாகக் கார்மன் பின்னாளில் சொன்னதுண்டு. உயரம் கூட்டியும் பயனில்லை. கடைசிக் காட்சியில் குகையை விட்டுப் பட்டப்பகலில் வெளியே வரும் அதைப் பார்த்தால் பெரிய வெள்ளரிக்காய் நினைவுதான் வருகிறது.

ஆனால் அதே படத்தில் லீ வான் கிளீஃப் ஏற்றிருக்கும் விஞ்ஞானி பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். உலகம் தன்னை மதிக்கவில்லை என்ற கசப்பில், வேற்றுக்கிரகத்து எதிரியைத் தன் வீட்டு வானொலிப் பெட்டி வழியாக நண்பனாக்கிக்கொள்பவர் அவர். மனைவி பக்கத்தில் நின்று கெஞ்சுகிறாள். இவர் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சிகளில் ஒரு பைசா தந்திரக்காட்சி கிடையாது. இன்றும் அவை உறுத்துகின்றன. படம் தோற்பது தன்னிடம் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட முயலும் இடத்தில்; நிற்பது தன்னிடம் இருக்கும் இரண்டு மூன்று மனிதர்களை நம்பும் இடத்தில்.

சிரிப்பைப் பற்றி

மெட்வெட் சகோதரர்களின் 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' நூல் 1980 இல் எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு இவ்வகைப் படங்களைக் கூடிச் சிரித்துப் பார்ப்பது ஒரு பண்பாடாகவே வளர்ந்தது. அதில் தவறில்லை, 'பிளான் 9' பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கடினம். ஆனால் சிரிப்பவர் எப்போதும் படத்துக்கு மேலே நிற்கிறார், அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. திகில் படம் கேட்பதோ நேர் எதிரானது, பார்ப்பவர் சற்றுக் கீழே இறங்கி வர வேண்டும்.

2013 இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'ஷார்க்நேடோ' போன்றவை இந்தச் சிரிப்பை முன்கூட்டியே கணக்கிட்டுத் தயாரிக்கப்பட்டவை. சூறாவளியில் சுறாக்கள் பறக்கின்றன. நம்மோடு சேர்ந்து படமும் கண்ணடிக்கிறது. எட் வுட் தான் எடுப்பது நல்ல படம் என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கையை நகலெடுக்க முடியாது.

பண்ணை வீடு

ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் அவர்கள் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968 அக்டோபரில் வெளியானது. இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளவர்களைத் தின்கிறார்கள். ஏழு பேர் ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அது இடிக்கப்படவிருந்த வீடு என்பதால் கதவையும் சன்னலையும் விருப்பம்போல் உடைக்க முடிந்தது. இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் வேறுபாடு தெரியாது.

இதை அறிவியல் புனைவு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளிக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சே காரணமாக இருக்கலாம் என்று படத்தில் தொலைக்காட்சிச் செய்தி சொல்கிறது. அதைக் கேட்டதும் விஞ்ஞானி ஒன்று சொல்கிறார், இராணுவ அதிகாரி மறுக்கிறார், நிருபர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். விளக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. அறிவியல் இங்கே அரைகுறைச் செய்தியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. பேரிடர் நாட்களில் சாதாரண மக்களுக்கு அது வந்து சேரும் விதமும் இதுவே என்பதால், ஆய்வகமும் வெள்ளை அங்கியும் நிறைந்த படங்களை விட இது நம்பும்படி இருக்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் சண்டை, மேல்தளத்தில் இருப்பதா நிலவறையில் பதுங்குவதா என்பது. பென் மேலே இருக்கச் சொல்கிறான். ஹாரி கூப்பர் கீழே போகச் சொல்கிறான். கூப்பர் கோழை, சிடுமூஞ்சி, யாருக்கும் பிடிக்காதவன். ஆனால் இறுதியில் பென் உயிர்தப்புவது அதே நிலவறைக்குள் புகுந்துதான். பிடிக்காதவன் சொன்னது சரியாக இருந்திருக்கிறது என்பதைப் படம் எங்கும் அடிக்கோடிடவில்லை. பலமுறை பார்த்தவர்களே இதைத் தவறவிடுவதுண்டு.

பென் பாத்திரத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பினத்தவர். பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்பட்டதல்ல. நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று ரொமேரோ கூறியிருக்கிறார். படத்தில் யாரும் அவர் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரவெல்லாம் போராடிப் பிழைத்த பென்னைக் காலையில் மீட்க வந்த கூட்டம் பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. பிறகு வருபவை அசையும் காட்சிகள் அல்ல, புள்ளி புள்ளியாகத் தெரியும் நிழற்படங்கள்: கொக்கி, துப்பாக்கி ஏந்திய வெள்ளையர்கள், இழுத்துச் செல்லப்படும் உடல். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில், வியட்நாம் போர் தினமும் தொலைக்காட்சியில் ஓடிய காலத்தில், பார்வையாளர்கள் இவற்றை நாளிதழ்ப் படங்களாகத்தான் கண்டிருப்பார்கள். நல்ல ஒளிப்பதிவுக்கும் வண்ணத்துக்கும் பணமிருந்திருந்தால் இந்த முடிவு இவ்வளவு சுட்டிருக்குமா என்பது ஐயமே.

குறைகளும் இல்லாமல் இல்லை. பார்பரா தொடக்கத்தில் வாயடைத்துப்போனவள் படம் முழுக்கச் சோபாவில் கிடத்தப்படுகிறாள். சில நடிகர்கள் மேடையில் கத்துவதுபோல் கத்துகிறார்கள். ஆயினும் சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1969 இல் எழுதிய குறிப்பு இங்கே நினைவுகூரத்தக்கது. பகல் காட்சிக்கு வந்திருந்த சிறுவர்கள் வழக்கமான பூதப்படம் என்று எண்ணி முதலில் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். பாதியில் அரங்கு அடங்கிப்போயிற்று. ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குழந்தைகளை அனுமதித்ததைத்தான் அவர் கண்டித்தார். வயதுத் தரச்சான்று முறை அமெரிக்காவில் அதற்குச் சற்று முன்புதான், 1968 நவம்பரில், வந்திருந்தது.

ஓர் அறை பல அறைகளாக

வின்சென்சோ நட்டாலியின் 'கியூப்' (1997) கனடாவில் எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கனசதுர அறைகள் கொண்ட சிறைக்குள் முன்பின் தெரியாத சிலர் கண்விழிக்கிறார்கள். சில அறைகளில் கொலைப்பொறி. உண்மையில் கட்டப்பட்டது பக்கத்துக்கு 14 அடி கொண்ட ஓர் அறைதான். சுவரின் வண்ணத்தை மாற்றி மாற்றி அடுத்த அறையாக்கினார்கள். தப்பிக்க எவ்வளவு நகர்ந்தாலும் அதே அறைக்கே வந்து சேரும் சோர்வு அதனால் தானாகவே படத்தில் ஏறிவிட்டது. இதைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு, வெளிச்சுவரை வடிவமைத்த பாத்திரமே பதில் சொல்கிறது: யாரும் முழுதாக அறிந்து கட்டவில்லை, ஒவ்வொருவரும் தம் பங்கு வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டார்கள். அலுவலக வாழ்க்கை தெரிந்த எவருக்கும் இந்தப் பதில் வில்லனைக் காட்டுவதை விடப் பயங்கரமானது. பின்னர் வந்த தொடர்ச்சிகள், குறிப்பாக இயக்குபவர்களைக் கொண்டுவந்து நிறுத்திய 'கியூப் ஜீரோ' (2004), இந்தப் பயத்தைக் கரைத்துவிட்டன.

ஜேம்ஸ் வார்ட் பிர்கிட்டின் 'கோஹிரன்ஸ்' (2013) இன்னும் சிக்கனம். 'ரேங்கோ'வின் கதையில் பங்களித்தவர், பெரும் பட்ஜெட் படங்களில் வேலை பார்த்தவர், தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தார். நடிகர்களிடம் முழுத் திரைக்கதை கிடையாது. அன்றன்று அவரவர்க்கு ஒரு குறிப்புத் தாள். எட்டு நண்பர்கள் விருந்துக்குக் கூடியிருக்கையில் வால்மீன் கடக்கிறது, மின்சாரம் போகிறது. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. போய்ப் பார்க்கிறார்கள்.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) அந்த வீடு இதே வீடு, உள்ளே இருப்பவர்கள் இவர்களே. வேறு வீட்டுக்குப் பணமில்லாத படம், எல்லா வீடுகளும் ஒரே வீடு என்ற கதையைச் சொல்கிறது. எந்த வண்ண ஒளிக்குச்சி யார் கையில் என்பது ஓர் அடையாளம். இணை உலகங்களைப் பற்றிய இயற்பியல் பேச்சைப் புரிந்துகொள்ளாமலும் பின்தொடரலாம், ஏனெனில் பயம் வேறிடத்தில் இருக்கிறது: எதிரே அமர்ந்து மது ஊற்றுபவன் என் கணவன்தானா, அல்லது அவனைப் போலவே இருக்கும் இன்னொருவனா? தன்னை விட நன்றாக வாழும் இன்னொரு தான் கண்ணில் பட்டால் எம் என்ற நாயகி என்ன செய்கிறாள் என்பதே இறுதிப் பகுதி.

இத்தாலியின் மாரியோ பாவா, 1965 இல் எடுத்த விண்வெளித் திகில் படத்தில் ஒரு கிரகம் முழுவதையும் இரண்டு பிளாஸ்டிக் பாறைகள், கண்ணாடிகள், புகை இவற்றால் உண்டாக்கியதாகச் சொன்னார். அழகான படம். ஆனால் அவர் இல்லாததை இருப்பதாகக் காட்டிய வித்தைக்காரர். 'கோஹிரன்ஸ்' காட்டுவது இருக்கும் வீட்டையே. படம் முடிந்த பிறகு நம் வீட்டு வாசலையும் சற்று நின்று பார்க்க வைப்பது அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை முதலில் பார்க்கலாம். தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் காப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டதால் அமெரிக்காவில் அது பொதுவுடைமை ஆயிற்று. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே காரணத்தால் மங்கிய பிரதிகளும் பின்னாளில் நிறமேற்றிய பிரதிகளும் நிறைய உலவுகின்றன. நிறமேற்றியதைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.