நோட்: ஒரே உடம்பு, பல தலைகள்

1966இல் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது அதில் டிரைகார்டர் என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். கையில் பிடித்து நீட்டினால் போதும், காற்று, பாறை, உடம்பு எதைப் பற்றியும் சொல்லிவிடும். அன்றைக்குப் பிடித்த ஆசை பொறியாளர்களை இன்னும் விடவில்லை. அந்த ஆசையில் பிறந்த நிஜமான கருவிகளில் ஒன்று 'நோட்'. அமெரிக்காவில், டென்னசி மாநிலத்துச் சட்டநூகா நகரில் இருக்கும் வேரியபிள் நிறுவனம் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி இதைக் கொண்டுவந்தது.

கைக்குள் அடங்கும் ஒரு உருளை. உள்ளே பேட்டரி, புளூடூத், அசைவை அறியும் சென்சார்கள். இரண்டு முனையிலும் வேண்டிய தலையை மாட்டிக்கொள்ளலாம். கிளைமா என்ற தலை வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் பார்க்கும். தெர்மா தொடாமலே வெப்பம் சொல்லும். ஆக்ஸா வாயுக்களுக்கு, குரோமா நிறத்துக்கு. கருவியில் திரை கிடையாது, நம்ம போன்தான் திரை.

மென்பொருள்காரன் கண்ணுக்கு இது ரொம்ப அழகு. நாங்கள் நிரலில் பிளக்-இன் எழுதுவது மாதிரியே இருக்கிறது: உடம்பு ஒன்று, வேலைக்குத் தகுந்த மாதிரி தலை மட்டும் மாறும். பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் ஒரு தடவை காசு கொடுத்தால் போதுமே! ஆனால் என் விமர்சனம் சரியாக இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இந்த வடிவமைப்பு பங்கு போட்டுக்கொள்வது மலிவான பாகங்களை. அளவீட்டில் உண்மையான செலவு அளவுத்திருத்தம். அதைத் தலைகளுக்கு நடுவே பங்கு போட முடியாது.

ஒவ்வொரு தலையாகப் பார்க்கலாம். அறையின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கையில் பிடித்திருந்தால், உள்ளங்கைச் சூடும் மூச்சின் ஈரமும் சேர்ந்துதான் பதிவாகும். கையடக்கம் என்ற வசதியே இங்கே தொந்தரவு. அகச்சிவப்பு வெப்பமானிக்கு வேறு சிக்கல். கொதிக்கும் தண்ணீரை நேராகப் பார்த்தால் கிட்டத்தட்ட சரியாகச் சொல்லும். அதே தண்ணீர் இருக்கும் பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் மிகக் குறைவாகக் காட்டும். மெருகேறிய உலோகம் அகச்சிவப்பைக் குறைவாகவே உமிழும், சுற்றியுள்ளவற்றின் கதிரைத்தான் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும்.

வாயுத் தலைதான் எனக்குக் கவலை தருவது. கார்பன் மோனாக்சைடு அளக்கும் மின்வேதிக் கலங்கள் பொதுவாக ஹைட்ரஜனுக்கும் அசையக்கூடியவை. சில வருஷங்களில் தேய்ந்தும் போகும். செறிவு தெரிந்த வாயுவைக் காட்டி அவ்வப்போது திருத்த வேண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆட்கள் இதை வழக்கமாகச் செய்வார்கள், அதற்கென்று வாயு சிலிண்டர் வைத்திருப்பார்கள். வீட்டில் யார் வைத்திருப்பார்கள்? பழைய கலம் '0' என்று காட்டினாலும் திரையில் அது பளிச்சென்றுதான் தெரியும். அதை நம்பி ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருவர் தூங்கப்போகலாம்.

இப்போது குரோமாவைப் பாருங்கள். சுவரில் ஒட்டி வைத்தால் வெளி வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளும், தன் விளக்கைத் தானே போடும், மூடிக்குள் இருக்கும் வெள்ளைத் துண்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அறைக்குள் வெயில் அடித்தாலும் டியூப்லைட் எரிந்தாலும் கவலை இல்லை. தனக்கு வேண்டிய சோதனைக்கூடத்தைக் கையோடு எடுத்துவந்த தலை இது. பெயின்ட் நிறம் பொருத்த விரும்பும் ஆட்களிடம் தெளிவான கேள்வியும் இருந்தது: "இந்தச் சுவரில் இருப்பது எந்த நிறம்?"

நோட் போன வழியும் இதைத்தான் காட்டுகிறது. பின்னாளில் வேரியபிளின் அடையாளமாக ஆனது நிறம் பார்க்க மட்டுமே செய்யப்பட்ட கலர் மியூஸ். கழற்றி மாட்டும் தலை அதில் இல்லை.

இதைத் தோல்விக் கதை என்று நான் எழுதவில்லை. பல தலைகளைச் செய்து பார்த்ததால்தான் எது நிற்கும் என்று தெரிந்தது. ஆய்வுக்கு அந்த அமைப்பு நல்லது. ஆனால் வாங்குகிறவர் கையில் கொடுக்கும்போது கதை வேறு. இது மாதிரி அடுத்த கருவி வரும்போது, எத்தனை தலை மாட்டலாம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு தலையையும் எதோடு ஒப்பிட்டுத் திருத்துவது, அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். பதில் இல்லாத தலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.