விடை சொல்பவரும் கதைமாந்தரே

கதையைப் படிப்பவரே கதைத் தலைவராகி, எவ்வழியே செல்வது, யாரை நம்புவது, எதை விட்டுக்கொடுப்பது என்று தாமே முடிவு செய்யும் மாயக்கதைகள் இன்று உலக மொழிகள் பலவற்றில் எழுதப்படுகின்றன. நாவலின் விரிவும், வேடம் ஏற்று ஆடும் ஆட்டத்தின் விறுவிறுப்பும் கலந்த இவ்வகையைப் பங்கேற்புக் கதை எனலாம். சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெருங்குடியில் கணிப்பொறி நிறுவனங்கள் நிறைந்துள்ளன. அங்கே பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய கதையை ஆக்குவதற்கு வேண்டிய கருவியறிவில் குறைவில்லை. ஆயின் அவர்கள் கண்முன் உள்ள மாதிரிகளோ பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டைகளும், தீ உமிழும் பறவை நாகங்களும், தாடி வைத்த மந்திரவாதிகளுமே.

இதைக் குறித்து நம் குடும்பங்களில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. “இது வெறும் பொழுதுபோக்கு, இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்பர் பெரியோர். “இது முற்றிலும் புதியது; பழைய இலக்கியம் அறிந்தவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை” என்பர் இளையோர். இருசாராரும் ஒரே உண்மையை மறந்து பேசுகின்றனர். கேட்பவரைக் கேள்வியால் பிடித்துக் கதைக்குள் இழுக்கும் கலை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் அதை நன்கு அறிந்திருந்தனர்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் மசலா என்றொரு வகை உண்டு. மஸ்அலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா, ஆய்ந்து தெளிய வேண்டிய பொருள் என்பன கருத்து. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ‘ஆயிர மசலா’ நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழைமையானதாகப் போற்றப்படுகிறது. யூத அறிஞராகிய அப்துல்லா இப்னு சலாம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களைத் தொடுக்கிறார்; விடைகளைப் பெறுகிறார்; முடிவில் தாமே இஸ்லாத்தைத் தழுவுகிறார். இதில் நாம் நோக்கவேண்டியது ஒன்று: கேள்வி கேட்டவர் வந்தவாறே திரும்பிச் செல்லவில்லை. வினாவும் விடையும் அவரை மாற்றிவிட்டன. இதே வினாநூல் மலாய் மொழியிலும் ஜாவா மொழியிலும் வழங்கி வந்ததென்றால், கடல்வழி வணிகத்தோடு கதைவடிவமும் பயணம் செய்தது என்பது தெளிவாகிறது.

‘நூறு மசலா’வில் இவ்வடிவம் முழுக் கதையாகவே மலர்கிறது. அரசகுமாரி நூறு கேள்விகள் கேட்கிறாள். விடை பகர்பவனுக்கே அவள் கரம் கிட்டும். இங்கே நாயகன் வெல்வது வாளால் அன்று, அறிவால். இக்கதையை ஒருவர் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும்போது, விடை வருமுன் கேட்பவர் மனமும் விடையைத் தேடத்தானே செய்யும்? அந்த நொடியில் அவர்களும் கதைமாந்தர் ஆகிவிடுகின்றனர்.

விக்கிரமாதித்தன் சுமந்த வேதாளத்தின் கதையைத் தமிழகத்தில் அறியாதார் இலர். 1947இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘அம்புலிமாமா’ அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கையில் சேர்த்தது. அதன் அமைப்பை உற்றுநோக்குங்கள். விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் தலை வெடித்துவிடும்; வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு உண்டு. தெரிவு என்றால் இதுவன்றோ தெரிவு! நல்லதற்கும் கெட்டதற்கும் இடையே ஒன்றை எடு என்றால் எவரும் எடுத்துவிடுவர். இரண்டு நல்லவற்றுள் ஒன்றை இழக்கவேண்டும் என்னும்போதுதான் மனிதனின் உள்ளம் வெளிப்படுகிறது.

வடக்கே உருது மொழியில் தழைத்த தாஸ்தான் கலையையும் இங்கு நினைவுகூர வேண்டும். அமீர் ஹம்சாவின் வீரச்செயல்களைச் சுற்றி வளர்ந்த அப்பெருங்கதையின் ஒரு பகுதியாகிய ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’, லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தின் வாயிலாக 1883 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தது. திலிஸ்ம் என்பது சூனியக்காரன் படைத்த மாய உலகம். அதற்கென்று தனி விதிகள் உண்டு. அதை உடைக்க விதிக்கப்பட்ட வீரன் லவ்ஹு என்னும் பலகையை நோக்கி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அறிந்துகொள்வான். பலகையைக் கேளாமல் நடந்தால் சிக்கிக்கொள்வான். இன்று ஆட்டங்களை ஆக்குவோர் ‘விதிப்புத்தகம்’ என்று சொல்வதைத் தாஸ்தான் சொல்லிகள் கதைக்குள்ளேயே ஒரு பொருளாக வைத்திருந்தனர். எதிரே இருக்கும் கூட்டத்தின் முகம் பார்த்துப் போர்க்களத்தை நீட்டுவதும் விருந்தைச் சுருக்குவதும் அவர்கள் தொழில்திறம்.

இனி மேனாட்டார் வந்த வழியைப் பார்ப்போம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடுவது அது. குகைகளுக்குள் இறங்கிப் பழகிய வில் கிரவுதர், தம் பெண்மக்களுக்காக 1976இல் எழுத்தாலேயே ஆன குகைக்கதை ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்தார். மறு ஆண்டு டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயான் லிவிங்ஸ்டனும் எழுதிய ‘ஃபயர்டாப் மலையின் மந்திரவாதி’ நாவலையும் ஆட்டத்தையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது. 400 பத்திகள், ஒரு பென்சில், இரண்டு பகடைகள். மந்திரவாதியை வீழ்த்திய பின்னரும் சரியான சாவிகளைத் தேடி வைத்திராவிடில் பெட்டி திறவாது.

இந்நூல்களைப் படித்த பிள்ளைகள் யாவரும் அறிந்த ஒரு தந்திரம் உண்டு. ஆபத்தான பத்திக்குப் போகுமுன் பழைய பக்கத்தில் விரலை வைத்துக்கொள்வார்கள். கதைத்தலைவன் மாண்டால் விரல் இருக்கும் இடத்துக்குத் திரும்பிவிடலாம்! இதைச் சிறு பிள்ளைகளின் குறும்பு என்று தள்ளிவிடலாகாது. அவ்வகை நூல்களின் அடிப்படைக் குறையை அது காட்டிக்கொடுக்கிறது. இடப்பக்கக் கதவா, வலப்பக்கக் கதவா என்று கேட்டால், எதற்கு எது காரணம் என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொடவேண்டியதுதான். அங்கே நிய்யத்துக்கு இடமில்லை. ஆகவே பொறுப்பும் இல்லை. பொறுப்பில்லாத இடத்தில் விரலை வைத்துத் தப்புவது குற்றமாகவும் தோன்றாது.

இதற்கு மறுகோடியில் நம்மவர் படைப்பொன்றைக் காண்கிறோம். கனடாவின் டொரன்டோ நகரில் தமிழர் ஒருவர் தலைமையில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ அது. 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பழைய சமையற்குறிப்பு ஏடு சிதைந்துபோயிருக்கிறது. எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு இட்லியையும் பிரியாணியையும் ஆடுபவரே முறையறிந்து சமைக்க வேண்டும். தாயாக ஆடியவர் பின்னொரு கட்டத்தில் மகனாகவும் ஆடவேண்டியிருக்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை இதற்கு வழங்கியது. இது மாயக்கதை அன்று. ஆயினும் தமிழ் வாழ்வை ஆட்டத்தில் சொல்ல முடியுமா என்ற ஐயத்தை இது தீர்த்துவிட்டது. இதன் எல்லையும் இங்கேயே உள்ளது. உரையாடலில் எந்த விடையைத் தேர்ந்தாலும் குடும்பத்தின் பாதை மாறுவதில்லை. தவறாகச் சமைத்தால் மீண்டும் சமைக்கலாம். நாம் பாத்திரமாக வாழ்கிறோம். ஆனால் முடிவு நம்முடையதன்று. ஆசிரியர் அதை வேண்டுமென்றே செய்திருக்கலாம். ஆயினும் பங்கேற்புக் கதையின் முழு ஆற்றலையும் அறிய நாம் மேலும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும்.

அந்த அடி எது? கதை நம் தெரிவை நினைவில் வைத்திருக்க வேண்டும்; பின்னொரு நாள் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

எல்லாத் தெரிவுக்கும் தனித்தனிக் கிளை எழுதுவது இயலாத செயல். இரண்டிரண்டு வழிகளாகப் பத்து முறை பிரிந்தால் 1,024 முடிவுகள்; இருபது முறை பிரிந்தால் 10,48,576. எந்த எழுத்தாளர் இவ்வளவு எழுதுவார்? ஆகவே கிளைகளை மீண்டும் மீண்டும் ஒரே சாலையில் சேர்த்துவிட்டு, வந்தவர் எந்த வழியாக வந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வதே நடைமுறை. வேடமேற்கும் ஆட்டங்கள் வழக்கமாகக் குறித்துக்கொள்வது உடல்வலிமை, ஆயுதம், பொற்காசு ஆகியவற்றை. நாவலின் இயல்போடு பொருந்துவன வேறு: கொடுத்த வாக்கு, காத்த அமானிதம், மறைத்த உண்மை, பட்ட கடன். இவற்றைக் கதை எண்ணி வைத்துக்கொள்ளுமாயின் ஆட்டமும் நாவலும் உண்மையில் ஒன்றுபடும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். இவ்வகைக் கதைகள் படிப்பவரை முன்னிலையில் விளித்து நடப்பன. அரபியில் ஆணுக்கு அன்த்த, பெண்ணுக்கு அன்த்தி என்று முன்னிலையிலேயே பால் பிரிந்துவிடும். தமிழில் ‘வந்தாய்’, ‘வந்தீர்கள்’ என்பன இருபாலுக்கும் பொது. ஆகவே ஒரே கதை அண்ணனுக்கும் தங்கைக்கும் இசையும். ஆனால் நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கதையின் தொடக்கத்தில் ‘நீ’ என்று அழைத்த ஊரார், நாயகரின் ஒரு நற்செயலுக்குப் பின் ‘நீங்கள்’ என்று அழைப்பாராயின், அந்த ஒரு சொல்லே பொற்காசு நூற்றுக்குச் சமம். காயல்பட்டினத்துப் பிள்ளைக்குக் காக்கா, லாத்தா, வாப்பா என்னும் விளிகள் வேண்டும். வேறோர் ஊரில் அத்தா என்பார்கள். மொழிபெயர்த்து ஒட்டிய கதைகளில் இந்தச் சுவை வரவே வராது.

ஒரு மாதிரியைக் கற்பனை செய்து பார்க்கலாம். பெருங்குடியை அடுத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் விரிந்து கிடக்கிறது. 2022இல் ராம்சர் உடன்பாட்டின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. ஒருபுறம் பூநாரைகள் வந்திறங்கும் நீர். மறுபுறம் நகரம் ஆண்டாண்டாகக் கொட்டிய குப்பைமேடு. மாயக்கதைக்கு இதனினும் பொருத்தமான களம் ஏது? அந்தச் சதுப்பின் காவலாக ஒரு ஜின்னை வைப்போம். வாடகை வீட்டில் அல்லலுறும் குடும்பத்தலைவருக்கு அது ஒரு துண்டு நிலம் தர முன்வருகிறது. நீரை மூடி மண்ணைக் கொட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. தாய் நோயாளி, மக்கள் இருவர், மழைக்கு ஒழுகும் கூரை. மறுப்பது எளிதன்று, ஏற்பதும் பாவமாகத் தோன்றாது. ஏற்றுக்கொண்டால் உடனே வீடு எழும்பும், விருந்து நடக்கும், உறவினர் மெச்சுவர். கதை ஒன்றும் சொல்லாது. பல அத்தியாயங்கள் கழித்து மார்கழி மழை பெய்யும்போது, நீர் தான் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு அயல்வீட்டு வாசலுக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பெருங்குடி, வேளச்சேரி மக்களுக்கு இக்கற்பனையை விளக்க வேண்டியதில்லை. அப்போது ஜின் வந்து ஒரே ஒரு மசலா கேட்கட்டும்: “நான் கொடுத்தேன், நீர் எடுத்தீர். மூழ்கியவர் யாருடைய கணக்கு?” இதற்கு விடை சொல்லும்போது விரலை எந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்வது?

இத்தகைய கதையை எழுதப் பெரும் பொருள் தேவையில்லை. கிறிஸ் கிளைமாஸ் 2009இல் உருவாக்கிய ‘ட்வைன்’ என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் தமிழ் எழுத்திலேயே அதில் கிளைக்கும் கதை அமைக்கலாம். தேவைப்படுவது கதையறிவு. பெருங்குடிக்கு அருகில் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களின் பெருங்கருவூலம். அலுவலகத்துக்கு அருகிலேயே இருக்கும் அச்செல்வத்தைத் தொடாமல், அயலாரின் கோட்டைக்கு மட்டும் படியெடுப்பது அறிவுடைமை ஆகாது.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளை இத்தகைய கதையில் மூழ்கியிருக்கக் கண்டால், உடனே அதைப் பறிப்பதற்கு முன் அருகில் அமர்ந்து, “இந்த இடத்தில் ஏன் இதைத் தேர்ந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையால் காரணம் சொல்ல முடிந்தால் அது நல்ல கதை. தோளைக் குலுக்கி “சும்மாதான்” என்று சொன்னால், குறை அந்தக் கதையை எழுதியவருடையது. அக்குறையில்லாத கதையைத் தமிழில் எழுத வல்லவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.