பழவேற்காட்டின் கல்லும் கணக்கும்

திருநின்றவூர் என்றதும் தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் பூசலார் நாயனாரின் வரலாறு நினைவுக்கு வரும். காஞ்சியில் மன்னன் கற்றளி எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பொருள் வசதியற்ற அவ்வடியார் தம் மனத்திலேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தார் என்கிறது பெரியபுராணம். சமய எல்லையைக் கடந்து சிந்திக்கத்தக்க கருத்து ஒன்று அதில் உண்டு: காண்பவர் உள்ளத்தில் எழாத கட்டடம் வெறும் கற்குவியலே. வரலாற்றுச் சின்னங்களையும் அருங்காட்சியகங்களையும் மனித உரிமை உணர்வை வளர்க்கப் பயன்படுத்த வேண்டும் என்று உலகெங்கும் பேசப்படும் இக்காலத்தில், நம் சின்னங்கள் காண்போர் உள்ளத்தில் எதை எழுப்புகின்றன என்று வினவுவது கடமையாகும். அதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநின்றவூர் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையில் பழவேற்காடு இருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். இங்கிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குத் துணி சென்றது என்பதைப் பலரும் அறிவர். மனிதர்களும் சென்றார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. 1622-23ஆம் ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட இடங்களில் கம்பெனி விலைக்கு வாங்கியோர் 8,000 முதல் 10,000 பேர் வரை என வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். துணிப்பொதியைப் போலவே மனிதரையும் கம்பெனி கணக்கில் எழுதி வைத்ததனால்தான் இந்த எண்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

இன்று பழவேற்காட்டில் காணக் கிடைப்பவை யாவை? கோட்டை புதர் மண்டிய மேடாகிவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே நேர்த்தியாக எழுத்துப் பொறித்த 70க்கும் மேற்பட்ட கல்லறைகள். கம்பெனியின் வணிகரும் அலுவலரும் அவர்தம் குடும்பத்தாரும் பெயரோடும் நாளோடும் அங்கே துயில்கின்றனர். அவர்கள் விலைபேசி அனுப்பியவர்களுக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வாயிலில் நிற்கும் வழக்கமான அறிவிப்புப் பலகையை நாம் அறிவோம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு, கல்லைச் சேதப்படுத்துவோர்க்கு என்ன தண்டனை என்பதை அது சொல்கிறது. மனிதருக்கு இழைக்கப்பட்ட சேதத்தைச் சொல்வது அப்பலகையின் வேலையன்று என்று நாம் பழகிவிட்டோம். நம் மரபுச் சின்னப் பராமரிப்பின் அடிப்படைக் குறை இதுவே. கல் காக்கப்படுகிறது, அதன் பொருள் கைவிடப்படுகிறது.

இக்குறை திருத்த முடியாததன்று. அதற்குச் சான்று பழவேற்காட்டோடு தொடர்புடைய மற்றொரு துறைமுகத்திலேயே இருக்கிறது. அதே டச்சுக் கம்பெனி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தன் அடிமைகளை அடைத்து வைக்க 1679இல் ஒரு பெருங்கட்டடம் எழுப்பியது. கேப் டவுனின் அடிமைகளுள் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோர் பலர். அவர்தம் சொந்தப் பெயர் மறைந்து, பிடித்துவரப்பட்ட இடத்தின் பெயரே பின்னொட்டாக நிலைத்தது. அக்கட்டடத்தில் 1966இல் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்து அவ்வருங்காட்சியகம் பண்பாட்டு வரலாறு என்ற பெயரைத் தாங்கியிருந்தது. அடிமைகள் வாழ்ந்து மாண்ட இடம் என்பதைக் கட்டடத்தின் பெயர் சொல்லவில்லை. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1998இல், அதற்கு ‘அடிமை மனை’ என்று பெயரிட்டார்கள். அடிமைப்பட்டோரின் வாழ்வே இன்று அதன் கருப்பொருள். சுவர்கள் மாறவில்லை, கேள்வி மாறியது.

கேப் டவுனின் வரலாறு நமக்குச் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலாகிய அவ்வல் பள்ளி நிற்கும் இடம், கோரிடோன் என்ற விடுதலை பெற்ற அடிமையின் குடும்பத்துக்கு உரியது. அவர் ‘இலங்கையின் கோரிடோன்’ என்றே ஆவணங்களில் குறிக்கப்பெறுகிறார். ராபன் தீவில் சிறையிருந்த மார்க்க அறிஞர் துவான் குரு அப்பள்ளியின் முதல் இமாமாக விளங்கினார். அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரும் கைதியாகக் கொண்டுவரப்பட்டவரும் கூடி எழுப்பிய இறையில்லம் அது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரை இரங்கத்தக்கவராக மட்டும் நினைவுகூர்வதில்லை. ஒரு சமுதாயத்தை உருவாக்கியவராகவும் போற்றுகின்றனர். உரிமை உணர்வு ஊட்டும் சின்னம் இவ்விரண்டையும் சொல்ல வேண்டும். துன்பத்தை மட்டும் காட்டினால் பார்ப்பவர் பரிதாபப்பட்டுத் திரும்புவார். துன்புற்றவரின் செயலையும் காட்டினால்தான் தம் செயலைப் பற்றி எண்ணுவார்.

இங்கே நம் சமுதாயம் எதிர்கொள்ள வேண்டிய ஒரு கடினமான உண்மை குறுக்கிடுகிறது. 1659-61இல் அத்தனை பேர் விலைபோனது ஏன்? தஞ்சைப் பகுதியின்மேல் அடுத்தடுத்து நிகழ்ந்த பீஜப்பூர்ப் படையெடுப்புகளே அதற்கு முதன்மைக் காரணம். வாங்கியவர் டச்சுக்காரர். நாட்டைச் சூறையாடி மக்களை விற்பனைக்குரிய நிலைக்குத் தள்ளியது ஒரு முஸ்லிம் சுல்தானகத்தின் படை. இடையே நின்று ஆள்பிடித்துக் கொடுத்த உள்ளூர்த் தரகர்களும் இருந்தனர். இதைச் சொன்னால் இன்றைய அரசியல் சூழலில் நமக்கு எதிரான ஆயுதமாகிவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. வரலாற்றைக் காட்டி இன்று வாழ்வோர்மீது பழிசுமத்தும் போக்கை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆயினும் நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மட்டும் பேசி, நம் பெயரால் நடந்ததை மறைப்போமாயின், நாமும் அதே போக்கின் மறுபக்கமாகிவிடுவோம். பகைமைக்கான அருங்காட்சியகம் ‘யாருடைய முன்னோர் செய்தார்?’ என்று கேட்கும். உரிமைக்கான அருங்காட்சியகமோ ‘ஒரு மனிதனை விற்கத்தக்க பொருளாக்கியது எது?’ என்று கேட்கும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. போர், பஞ்சம், கடன் என்பவையே அவ்விடை.

கடன் என்ற சொல் நம்மை மீண்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்கே அழைத்து வருகிறது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு இந்திய நீதிமன்றங்களில் இருந்த ஏற்பை நீக்கியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் முறையை ஒழித்தது. ஆயினும் இம்மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள் பல ஆண்டுகளாக வந்தவண்ணம் உள்ளன. முன்பணம் என்ற பெயரில் வாங்கிய ஒரு தொகை, குழந்தைகள் உட்பட ஒரு குடும்பத்தையே சூளையில் கட்டிப்போடுகிறது. பஞ்சத்தில் பிள்ளையை விற்ற 17ஆம் நூற்றாண்டுத் தாயையும் முன்பணம் பெற்று ஊரைவிட்டு வரும் இன்றைய தாயையும் முற்றிலும் ஒன்றெனக் கூற முடியாது. பின்னவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. ஆனால் அச்சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாதபோது அத்துணையால் என்ன பயன்? பழவேற்காட்டைப் பார்க்கச் செல்லும் மாணவனுக்கு இத்தொடர்பு எடுத்துரைக்கப்படாவிடில், அவன் பார்த்தது பழங்கல் மட்டுமே.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோர்க்கு நேர்ந்த முடிவைக் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. அப்பயணத்தின் நோக்கம் வியப்பன்று, படிப்பினை. அதே வேதத்தின் 90ஆம் அத்தியாயம் அடிமையை விடுவிப்பதை ஏறுதற்கரிய மலைப்பாதையாகச் சித்திரிக்கிறது. 9ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத் பெறுவோரின் எட்டு வகையினருள் அடிமைத்தளையில் உள்ளோரையும் கடன்பட்டோரையும் சேர்க்கிறது. இவ்விரு வகையும் ஒரே மனிதனிடத்தில் சந்திக்கும் இடமே கொத்தடிமை முறை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லாது. ஆகவே முதலாளியிடம் கடனைக் கட்டி மீட்பது, சட்டம் ஒழித்த ஒன்றுக்கு உயிர் கொடுப்பதாகும். உதவி செல்ல வேண்டியது, விடுவிப்புச் சான்று பெற்று வெளியே வந்தவரின் வீட்டுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும்தான்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் அருகே, விற்கப்பட்டோரைப் பற்றித் தமிழில் ஒரு பலகை வேண்டும். அதில் உறுதியான எண்களே இடம்பெற வேண்டும். செனகல் நாட்டுக் கோரே தீவின் அடிமை மாளிகையைப் பற்றி மிகைப்பட்ட எண்கள் பரப்பப்பட்டு, பின்னர் அவை ஆய்வாளரால் மறுக்கப்பட்டபோது, உண்மையான துயரமும் ஐயத்துக்குள்ளானதை நாம் மறத்தலாகாது. ஆவடி, திருநின்றவூர், பூவிருந்தவல்லி வட்டாரப் பள்ளிகள் அங்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் எளிய சுருக்கம் ஒன்றையும் கையில் கொடுக்கலாம். பழவேற்காட்டின் தொன்மையான முஸ்லிம் குடியிருப்பும் தன் பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் உள்ள பழஞ்செய்திகளை, பெருமைக்குரியவற்றை மட்டும் பொறுக்கியெடுக்காமல், ஆய்வாளர்க்குத் திறந்து வைக்கலாம்.

பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியோரின் பெயரை இனி நாம் மீட்டெடுப்பது அரிது. சூளையில் இருப்பவரின் பெயரை இன்றே கேட்டறியலாம். அந்த வேறுபாட்டைப் பார்ப்பவர்க்கு உணர்த்தும் நாளில்தான் அக்கல்லறைத் தோட்டம் நாம் பாதுகாக்கத் தகுந்த சின்னமாகும்.