ஹாபிடேட், ஹாபிடேஷன்

‘குடியிருத்தல்’ என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரில் பிறந்தாலும் இவ்விரு ஆங்கிலச் சொற்களின் பொருள் ஒன்றல்ல. ஹாபிடேட் என்பது நீர், உணவு, பிழைப்பு, அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்த வாழிடச் சூழல். ஹாபிடேஷன் என்பது குடியிருத்தலும் குடியிருக்கும் வீடும்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப்பகுதிச் சட்டம், கட்டடம் மனிதர் குடியிருக்கத் தகாததா என்று கேட்கும்போது இரண்டாம் சொல்லையே ஆள்கிறது. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனபோது முதற்சொல்லை எடுத்துக்கொண்டது. ‘வாழ்விடம்’ நல்ல தமிழாக்கம்தான்; ‘ஸ்லம்’ என்ற வசவும் ஒழிந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்து, ஐஐடி மெட்ராஸ் ஆய்வுக்குப் போக நேர்ந்தது. அங்கே எழுந்தது வாழ்விடக் கேள்வியன்று. பழைய சட்டத்தின் கேள்வி. குடியிருப்போர் மனுவில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல்லும் அதுவே.